இடப்பக்கம் பார்த்தபடி

மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளி
மூன்று கிழமை.
ஐந்தரைக்கே நல்ல இருட்டு.
எல்ஸ்மியரும் மார்க்கம் ரோட்டும் வெட்டுகிற சந்தி,
சிவப்பு விளக்கு.
நான் வலப்பக்கம் திரும்ப வேண்டும்.

நின்றேன். அதைச் சொல்லிவிட வேண்டும்,
முழுசாக நின்றேன்.
பிறகு இடப்பக்கம் பார்த்தேன்,
வருகிற கார்களுக்கு நடுவே
எனக்கென்று ஒரு இடைவெளி விழுமா என்று.
ஒரு லொறி. ஒரு பஸ். ஒரு டாக்சி.
அதற்குப் பின்னால் கொஞ்சம் இருட்டு.
அந்த இருட்டு எனக்குப் போதும்.

இடப்பக்கம் பார்த்தபடியே
வலப்பக்கம் திரும்பினேன்.

இருபத்திரண்டு வருடமாக இப்படித்தான் திரும்புகிறேன்.

சத்தம் பெரிதாக இல்லை.
பொனெட்டில் ஒரு உள்ளங்கை,
காய்ச்சல் இருக்கிறதா என்று
பிள்ளையின் நெற்றியில் வைத்துப் பார்ப்பதுபோல.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு முகம்.
மூக்கு நுனியில் ஒரு துளி நின்றது,
விழவில்லை.

விழுந்தது பால்.
நாலு லீற்றர், மூன்று பைகளாக.
ஒன்று வெடித்து
கடவையின் வெள்ளைக் கோட்டுக்குப் பக்கத்தில்
இன்னொரு கோடாக
என் சில்லை நோக்கி ஓடி வந்தது.

மற்ற இரண்டையும் எடுக்க அவர் குனிந்தார்.
குனிந்ததும் ஆளைக் காணவில்லை.
உயரமான கார்,
பனிக்குப் பாதுகாப்பு என்று தேடி வாங்கியது.
அவர் திரும்ப நிமிரும்வரை
பிரேக்கை மிதித்த கால் மிதித்தபடியே நடுங்கியது.
எதிரே எண்கள் குறைந்துகொண்டிருந்தன,
பதினொன்று, பத்து,
அவருடைய எண்கள்,
அவருக்கு இன்னும் நேரம் இருந்தது.

கண்ணாடியை இறக்கினேன்.
நான் வாய் திறக்குமுன்
"சொறி அக்கா" என்றார்.
டாஷ்போர்டுப் பிள்ளையாரைக் கண்டிருப்பார்.
பின்னால் யாரோ ஹோர்ன் அடித்தார்கள்.
அதற்கும் சேர்த்து அவர்தான் கையைத் தூக்கினார்.

வீட்டில் சுகந்தன் முதலில் கேட்டது,
"என்ன நிற ஜாக்கெட்?"
கறுப்பு என்றேன்.
"அதுதானே."
இருட்டில் ஆட்கள் மினுங்குகிற பட்டி கட்ட வேண்டும்,
போனைப் பார்க்காமல் நடக்க வேண்டும்,
சோறு ஆறும்வரை சொல்லிக்கொண்டிருந்தான்.
என்ர ரெண்டு லைட்டும் அந்த ஆளில்தான் அடிச்சது என்றேன்.
அவரின் ரெண்டு கையிலும் பால்தான் இருந்தது என்றேன்.
சுகந்தன் குழம்பை ஊற்றினான்.

யாரும் விழவில்லை.
பொலிஸ் இல்லை, அம்புலன்ஸ் இல்லை,
காப்புறுதிக்காரனுக்குச் சொல்ல
ஒரு கீறல்கூட இல்லை.
எந்தக் கணக்கிலும் இது வராது.
பொனெட்டில் மட்டும், வீதி உப்பின் தூசியில்
ஐந்து விரல்.

ஒன்பது நாள் கழுவவில்லை.
ஆரபி நீச்சல் வகுப்பால் வந்து
யார் எங்கட காரைத் தொட்டது என்றாள்,
அந்தக் கையின் மேல் தன் கையை வைத்துப் பார்த்தாள்,
சின்னது, இன்னும் ஈரம்.
பத்தாம் நாள் மழை.

தை மாதம் கார் கராஜில்.
பஸ்ஸால் இறங்கி
அதே சந்தியில் நடந்து வந்து நிற்கிறேன்.
பனிக் குவியலுக்கு மேலால் எட்டி
முழங்கையால் பொத்தானை அமுக்கினேன்.
ஏழு லேன். இருபத்துநாலு செக்கன்.
காருக்குள் இருந்து பார்க்கும்போது
இந்தத் தெரு இவ்வளவு அகலம் இல்லை.

நடக்கிற வெள்ளை உருவம் எரிந்தது.
முதல் லேனில் ஒரு கார், முழுசாக நின்றிருந்தது.
ஓட்டுகிற பெண்ணின் பிடரி தெரிந்தது,
ஒரு காது, ஒரு தோடு.
அவள் இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.
ஒரு லொறி போனது. ஒரு பஸ் போனது.
அவளுக்கு வேண்டிய இருட்டு
எப்போது வரும் என்று எனக்குத் தெரியும்.

வலக்கைக் கையுறையைக் கழற்றினேன்.